பிளஸ் டூ வேதியியல்: மார்க் கசிகிற இடங்கள்

பத்தாம் வகுப்பு அறிவியலில் தொண்ணூறைத் தாண்டிய பிள்ளை, பிளஸ் ஒன் காலாண்டில் வேதியியலில் நாற்பது வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரும். மன்னார்குடி, கும்பகோணம், மயிலாடுதுறை எங்கும் ஆண்டுதோறும் இதே கதைதான். "வாத்தியார் சரியில்லையா, ட்யூஷன் மாத்தணுமா?" என்று வீட்டில் கேட்பார்கள். பெரும்பாலும் இரண்டும் காரணமாக இருப்பதில்லை. பத்தாம் வகுப்பில் வேதியியல் என்பது அறிவியல் புத்தகத்துக்குள் சில பாடங்கள். மேல்நிலையில் அது ஆண்டுக்கு 15 அலகுகள். இயற்பிய வேதியியல், கனிம வேதியியல், கரிம வேதியியல் என்று மூன்று பகுதிகள். ஒன்றைப் படிக்கிற விதத்தில் இன்னொன்றைப் படிக்க முடியாது.

தேர்வில் எழுத்துக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. எழுத்தில் ஒரு மார்க் கேள்விகள் 15. இரண்டு மார்க்கில் ஒன்பதில் ஆறு, மூன்று மார்க்கில் ஒன்பதில் ஆறு, ஐந்து மார்க்கில் ஐந்து. விட்டுவிட்டு எழுதலாம் என்று நினைப்பவர்கள் 24ஆம் கேள்வியையும் 33ஆம் கேள்வியையும் மறந்துவிடுகிறார்கள். அவை இரண்டும் கட்டாயம், பெரும்பாலும் கணக்கு.

கையெழுத்து, ரெக்கார்டு நோட்டு, நேர மேலாண்மை பற்றியெல்லாம் ஊரே சொல்கிறது. இங்கே வேண்டாம்.

கெழுவைக் கிராமாகப் படிப்பது

மற்ற எந்தத் தவறையும் மன்னித்துவிடலாம். வேதிச் சமன்பாட்டில் பொருள்களின் முன்னால் நிற்கும் எண்ணை, அதாவது கெழுவை, எடையாக எடுத்துக்கொள்வதை மட்டும் பார்க்கும்போது இன்றும் எரிச்சல் வருகிறது. பிளஸ் ஒன் முதல் பாடத்தில் பிடிக்கிற இந்த நோய் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு வரை கூடவே வரும். மாணவனோ ஒவ்வொரு முறையும் "கவனக்குறைவு" என்று அதற்குப் பேர் வைத்துக்கொள்வான்.

யூரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மோல் (மோல் என்பது துகள்களை எண்ணும் அலகு; ஒரு மோலின் எடைதான் மோலார் நிறை) அம்மோனியாவும் ஒரு மோல் கார்பன் டைஆக்சைடும் சேர்ந்து ஒரு மோல் யூரியாவும் ஒரு மோல் நீரும் தரும். 34 கிலோ அம்மோனியா, 34 கிலோ கார்பன் டைஆக்சைடு கொடுத்தால் எது முதலில் தீரும்? சமன்பாட்டில் 2, 1 என்று இருப்பதைப் பார்த்த மாணவன், "34 கிலோ அம்மோனியாவுக்கு 17 கிலோ கார்பன் டைஆக்சைடு போதும், ஆகவே அம்மோனியாதான் தீரும்" என்று எழுதுவான். தலைகீழ் விடை. அம்மோனியாவின் மோலார் நிறை 17, ஆக 34 கிலோ என்பது 2 கிலோமோல். கார்பன் டைஆக்சைடுக்கு 44, ஆக 34 கிலோ என்பது 0.773 கிலோமோல்தான். 2 கிலோமோல் அம்மோனியாவுக்கு 1 கிலோமோல் தேவை, இல்லை. தீர்ந்துபோவது கார்பன் டைஆக்சைடு. புத்தகம் சொல்லும் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி அதுவே. கிடைக்கும் யூரியா 0.773-ஐ 60ஆல் பெருக்க, ஏறத்தாழ 46.4 கிலோ. ஏழே முக்கால் கிலோ அளவுக்கு அம்மோனியா மீந்து நிற்கும்.

சமன்பாட்டின் முன்னால் இருக்கும் எண் மோல்களை எண்ணுகிறது, எடையை எண்ணவில்லை. இதை வரையறையாக ஒப்பிக்காத மாணவன் கிடையாது. கணக்கு வந்ததும்தான் கை பழைய வழிக்குப் போய்விடுகிறது. விடை சரியாக வந்த கணக்குகளை மட்டும் திரும்பத் திரும்பப் போடுவதால் இது மாறாது. ஒவ்வொரு கணக்கிலும் கொடுத்த எடையின் கீழே மோலார் நிறையை எழுதி, வகுத்து, மோலை ஒரு தனி வரியில் எழுதிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போக வேண்டும். மனதுக்குள் வகுப்பது கூடாது. வீட்டில் யூரியா மூட்டை இருந்தால் அதில் ஏன் 46 சதவீதம் நைட்ரஜன் என்று போட்டிருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: 60இல் 28 நைட்ரஜன், 46.67 வருகிறது, ஈரமும் சிறு கலப்பும் போக 46. அப்படியானால் 45 கிலோ மூட்டையில் 20.7 கிலோ நைட்ரஜன்.

பிளஸ் ஒன்னில் இதைச் சரிசெய்யாமல் போனால் என்ன ஆகும்? மின்வேதியியலில் 96,500 கூலும் (மின்னூட்டத்தின் அலகு) மின்சாரத்துக்கு எவ்வளவு தாமிரம் படியும் என்று கேட்டால் 63.5 கிராம் என்று விடை வரும். 96,500 கூலும் ஒரு மோல் எலக்ட்ரான். தாமிர அயனிக்கு இரண்டு எலக்ட்ரான் தேவை, ஆகவே 31.75 கிராம். அதே மின்சாரத்துக்கு வெள்ளி 108 கிராம், அலுமினியம் வெறும் 9 கிராம். பாரடே விதியைத் தப்பாகப் படித்ததால் வருகிற பிழை இல்லை இது. மோலை எண்ணத் தெரியாததால் வருவது.

செய்முறையில் இன்னும் மோசம். ஆக்சாலிக் அமிலத் திட்டக் கரைசல் (செறிவு துல்லியமாகத் தெரிந்த கரைசல்), 0.1 நார்மல் (லிட்டருக்கு 0.1 சமான நிறை), 250 மில்லி வேண்டும். புட்டியில் இருப்பது இரண்டு நீர் மூலக்கூறுகளோடு சேர்ந்த படிகம், மோலார் நிறை 126, இரண்டு எலக்ட்ரான் தருவதால் சமான நிறை அதில் பாதி, 63. ஆகவே 1.575 கிராம் எடைபோட வேண்டும். படிக நீரை விட்டுவிட்டு 90 என்று கணக்கிட்டவன் 1.125 கிராம் எடுப்பான். கரைசல் 0.0714 நார்மல்தான் இருக்கும். அதன்பிறகு பியூரெட்டை (சொட்டுச் சொட்டாக விடும் அளவுக் குழாய்) தங்கக் கையால் திறந்தாலும் விடை தப்பு. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டிலும் இதே கோளாறு: அமிலத்தில் ஒரு மோல் பெர்மாங்கனேட் ஐந்து எலக்ட்ரான்களை வாங்குவதால் 158-ஐ ஐந்தால் வகுத்துச் சமான நிறை 31.6. நார்மாலிட்டியும் (லிட்டருக்கு எத்தனை சமான நிறை) மோலாரிட்டியும் (லிட்டருக்கு எத்தனை மோல்) ஒன்றுதான் என்று நினைப்பவன் விடையை ஐந்து மடங்கு தள்ளி வைப்பான்.

பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025–26 முதல் இல்லை என்றானதும், முதல் வருடப் புத்தகத்தைத் தாண்டிக் குதிக்கிற ஆசை எல்லாருக்கும் வந்திருக்கிறது. வேறு எந்தப் பாடத்தைத் தாண்டினாலும் தாண்டுங்கள், முதல் அலகைத் தாண்டாதீர்கள்.

தரம் பார்த்தல்

தரம் பார்த்தல் என்பது செறிவு தெரிந்த கரைசலோடு வினைப்படுத்தி இன்னொன்றின் செறிவை அளப்பது. ஆக்சாலிக் அமிலத்தோடு பெர்மாங்கனேட் தரம் பார்க்கையில் கூம்புக்குடுவையை 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்க வேண்டும். குளிர்ந்த கரைசலில் முதல் சில சொட்டுகளின் இளஞ்சிவப்பு எளிதில் மறையாது. "முடிவுநிலை வந்துவிட்டது" என்று 0.5 மில்லியிலேயே நிறுத்தியவர்கள் உண்டு. சூடான கரைசலிலும் முதல் சொட்டு மெதுவாகத்தான் நிறமிழக்கும். வினையில் உருவாகும் மாங்கனஸ் அயனியே வினையூக்கி, அது கொஞ்சம் சேர்ந்த பிறகு வேகம் பிடிக்கும். கொதிக்கவிட்டால் ஆக்சாலிக் அமிலமே சிதையும். பெர்ரஸ் சல்பேட், பெர்ரஸ் அம்மோனியம் சல்பேட்டுக்குச் சூடு வேண்டாம்.

அமிலம் நீர்த்த கந்தக அமிலம் மட்டுமே. ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் பெர்மாங்கனேட் குளோரைடையும் ஆக்சிஜனேற்றி அளவு கூடிவிடும். நைட்ரிக் அமிலமோ தானே ஆக்சிஜனேற்றி. அமிலம் குறைந்தால் குடுவை பழுப்பாகக் கலங்கும்; அது மாங்கனீசு டைஆக்சைடு. கலங்கியதைத் தொடராதீர்கள், கொட்டிவிட்டு மறுபடி எடுங்கள்.

பியூரெட்டை அதில் ஊற்றப்போகும் கரைசலாலும், பிப்பெட்டை (குறித்த அளவை உறிஞ்சி எடுக்கும் குழாய்) அதில் எடுக்கப்போகும் கரைசலாலும் கழுவ வேண்டும். கூம்புக்குடுவையை வாலை வடிநீரால் மட்டும். குடுவையையும் கரைசலால் கழுவினால் 20 மில்லிக்கு மேல் உள்ளே போய்விடும். புனலை எடுத்துவிட்டு, நுனியில் காற்றுக்குமிழ் போன பிறகே வாசிக்க வேண்டும். அரை மில்லிக் குமிழ் 20 மில்லியில் இரண்டரை சதவீதப் பிழை. பெர்மாங்கனேட் கருநிறம் என்பதால் வாசிக்க வேண்டியது திரவ மட்டத்தின் மேல் வளைவு, மற்றவற்றுக்கெல்லாம் கீழ் வளைவு. பிப்பெட்டின் கடைசிச் சொட்டை ஊதித் தள்ளக் கூடாது, நுனியைக் குடுவையின் சுவரில் தொடவைத்தால் போதும்.

ஐப்பசி, கார்த்திகையில் சோடியம் ஹைட்ராக்சைடு புட்டியைத் திறந்து பாருங்கள், வில்லைகள் ஈரம் குடித்து வழவழத்துக் கிடக்கும். அதனால்தான் அதை எடைபோட்டுத் திட்டக் கரைசல் செய்வதில்லை. மழைக்காலத்தில் இந்தக் காரணத்தை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

குழாய்த் தண்ணீர்

நாகை, வேதாரண்யம் பக்கம் நிலத்தடி நீரில் உப்பு. அதில் கழுவிய சோதனைக் குழாயில் வெள்ளி நைட்ரேட் விட்டால், எந்த உப்பைக் கொடுத்தாலும் குளோரைடுதான். கடைசிக் கழுவல் வாலை வடிநீரில்.

ஜூலும் கிலோ ஜூலும்

கிப்ஸ் ஆற்றல் கணக்கில் (என்தால்பி மாற்றத்திலிருந்து வெப்பநிலையும் என்ட்ரோபி மாற்றமும் பெருக்கியதைக் கழிப்பது; மைனஸ் வந்தால் வினை தானாக நிகழும்) என்தால்பியைக் கிலோ ஜூலிலும் என்ட்ரோபியை ஜூலிலும் கொடுப்பார்கள். பொறி அங்கேதான். அம்மோனியா உருவாகும் வினையில் (இரண்டு மோல் அம்மோனியாவுக்கு) என்தால்பி மாற்றம் மைனஸ் 92.2 கிலோ ஜூல், என்ட்ரோபி மாற்றம் கெல்வினுக்கு மைனஸ் 198.7 ஜூல். 298 கெல்வினில் சரியாகப் போட்டால் மைனஸ் 33 கிலோ ஜூல். வினை தானாக நிகழும். ஜூலை மாற்றாமல் போட்டால் பிளஸ் 59,120 வந்து நிற்கும். எண் மட்டும் தப்பினால் ஒரு மார்க் போகும், குறி மாறினால் அதன்மேல் எழுதுகிற முடிவும் போகும். வாயு மாறிலிக்கும் இதே எச்சரிக்கை: ஆற்றல் வருகிற கணக்கில் 8.314, லிட்டரும் வளிமண்டல அழுத்தமும் வருகிற கணக்கில் 0.0821.

கரிம வேதியியலில் பெயரை மட்டும் படிப்பது

ஆல்டால், கன்னிசாரோ, ஐயோடோபார்ம் என்று வினைகளின் பெயர் தெரியும், சமன்பாடும் தெரியும். கொடுத்த சேர்மத்துக்கு எது நடக்கும் என்று கேட்டால் மௌனம். ஆல்பா ஹைட்ரஜன் (கார்பனைல் தொகுதிக்கு அடுத்த கார்பனில் உள்ள ஹைட்ரஜன்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அசிட்டால்டிஹைடில் உண்டு, ஆகவே ஆல்டால். பார்மால்டிஹைடிலும் பென்சால்டிஹைடிலும் இல்லை, ஆகவே அடர் காரத்தில் கன்னிசாரோ. பென்சால்டிஹைடு டாலன்ஸ் சோதனையில் வெள்ளி ஆடி தரும், பெலிங் கரைசலை மாற்றாது; செய்முறைத் தேர்வில் இதை மாற்றி எழுதுபவர்கள் ஏராளம். ஐயோடோபார்முக்கு மெத்தில் கீட்டோனோ அசிட்டால்டிஹைடோ வேண்டும், அல்லது அவையாக ஆக்சிஜனேற்றமாகக்கூடிய எத்தனால் போன்ற ஆல்கஹால். மெத்தனால் தராது.

மழை விடுமுறை

அக்டோபர் முதல் டிசம்பர் வரை டெல்டாவில் பள்ளி எத்தனை நாள் நடக்கும் என்பது வானத்தின் கையில். அந்த வாரங்களில் அவசரமாக ஓட்டப்படும் பாடங்களில் 7, 8, 9ஆம் அலகுகள் சிக்கினால் அடி பலம்: வினைவேகவியல், அயனிச் சமநிலை, மின்வேதியியல். கணக்கு நிறைந்த மூன்றும் இவையே. விடுமுறையில் கனிமப் பாடத்தை வாசித்துக்கொண்டிருக்காதீர்கள். அதை ஜனவரியில் படிக்கலாம். இந்த மூன்றின் கணக்குகளை அப்போதே போடுங்கள். தை பிறந்தால் அறுவடை, அடுத்து செய்முறைத் தேர்வு, பிறகு மார்ச்.

லாக் டேபிள்

கால்குலேட்டர் கிடையாது. ஹைட்ரஜன் அயனிச் செறிவு 0.00002 என்றால் பிஎச் 5-இலிருந்து 2இன் லாக்கான 0.3010-ஐக் கழித்து 4.699. கூட்டினால் 5.301, தப்பு. செறிவு கூடினால் பிஎச் குறையும் என்று ஒரு நொடி நினைத்தாலே பிடிபடும்.

வாயால் பிப்பெட் உறிஞ்சுவது

ரப்பர் பல்பு கேட்டு வாங்குங்கள்.