பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் கூட்டாளி டபுள் சொன்னால் நீங்கள் என்ன கேட்பது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மண்டபத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்கும், நாங்கள் ஓலைக்கொட்டகையில் சீட்டோடு கிடப்போம். இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருந்த எங்களுக்கு பிரிட்ஜ் சொல்லித்தந்தவர் கப்பல் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு கீழக்கரைக் காக்கா (அண்ணனை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்). முதல் வாரமே அவரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

இடப்பக்க எதிராளி 1 ஆர்ட்டின் கேட்டார், அதாவது ஆர்ட்டினைத் துருப்பாக வைத்து ஏழு பிடி எடுப்பேன் என்று ஏலம் சொன்னார். எதிரே என் கூட்டாளி காக்கா டபுள்; சொல்லுக்குச் சொல் பார்த்தால் அந்த ஏலத்தின் மதிப்பை இரட்டிப்பாக்குவது. வலப்பக்கம் பாஸ். என் கையில் இருந்தவை:

இஸ்பேட் 9 7 4 2
ஆர்ட்டின் 8 6 3
டைமன் ஜாக்கி 5 2
கிளாவர் 10 6 4

மொத்தம் ஒரே ஒரு புள்ளி (ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1). இருபத்தெட்டில் பழகிய வாய், பாஸ் சொல்லிவிட்டது. எதிராளிகள் டபுளோடு ஆடி ஒன்பது பிடி எடுத்து 360 எழுதிக்கொண்டார்கள். “ஏன் தம்பி, நான் உங்களைக் கேட்கச் சொன்னா நீங்க தூங்கிட்டீங்களே” என்றார் காக்கா.

முதலில் பார்க்க வேண்டியது, அது டேக்-அவுட் டபுள்தானா என்பது. எதிராளி ஒரு சூட்டை (இஸ்பேட், ஆர்ட்டின் போன்ற சீட்டு வகையை) தாழ்வாகக் கேட்டு, அதுவரை வாய் திறக்காத உங்கள் கூட்டாளி டபுள் சொன்னால் அதுதான். அர்த்தம் இது: “எனக்குச் சுமார் 12 புள்ளிக்கு மேல் இருக்கிறது, அவர்கள் சூட் குறைவு, மற்ற மூன்றில் எதைச் சொன்னாலும் தாங்குவேன்.” 1 நோ டிரம்ப்புக்கு (துருப்பே இல்லாத ஏலத்துக்கு) சொல்லும் டபுள் வேறு கதை, அது பொதுவாக எதிராளியின் ஏலத்தைத் தோற்கடித்து அடிப்பதற்கு.

அடுத்து, வலப்பக்கத்தவர் என்ன செய்தார்? அவர் 2 ஆர்ட்டின் என்று ஏதாவது கேட்டிருந்தால் கடமை தீர்ந்தது, மோசமான கையோடு நிம்மதியாகப் பாஸ் சொல்லலாம். அவர் பாஸ் என்றால் நீங்கள் கேட்டே ஆகவேண்டும். கை எவ்வளவு மோசமோ அவ்வளவு கட்டாயம்!

இனி புள்ளியை எண்ணுங்கள்.

8 வரை: நீளமான சூட்டை, முடிந்த அளவு தாழ்வாக. மேலே உள்ள கையில் 1 இஸ்பேட். நான்கு சீட்டு இருப்பது ஆர்ட்டினில் மட்டும் என்றால்? மூன்று சீட்டு இஸ்பேட்டை 1-இல் கேளுங்கள். பயந்து 1 நோ டிரம்ப் சொல்லாதீர்கள். அதற்கு 8 முதல் 10 புள்ளியும், ஆர்ட்டினில் ராஜா-ஜாக்கி-9 மாதிரி ஒரு தடுப்பும் வேண்டும்.

9 முதல் 11: ஒரு படி தாண்டிக் கேளுங்கள். இஸ்பேட் ராஜா ஜாக்கி 8 5, ஆர்ட்டின் 7 4, டைமன் ஏஸ் ஜாக்கி 6 2, கிளாவர் 9 5 3 என்றால் ஒன்பது புள்ளி, 2 இஸ்பேட். டைமனும் நான்குதான், ஆனாலும் இஸ்பேட்டுக்கே முன்னுரிமை. இங்கே 1 இஸ்பேட் என்று சொன்னால், ஒரு புள்ளிக்காரன் சொன்னதும் அதுவே, பாவம் கூட்டாளிக்கு எப்படித் தெரியும்?

12-க்கு மேல்: ஐந்து இஸ்பேட் இருந்தால் நேரே 4 இஸ்பேட். எந்த சூட் என்று முடிவாகவில்லையா, எதிராளியின் சூட்டையே 2 ஆர்ட்டின் என்று கேளுங்கள். “கை பலம், உங்கள் சூட்டைச் சொல்லுங்கள்” என்று பொருள்.

சரி, பாஸே கூடாதா? ஒரே ஒரு சமயம் உண்டு. ஆர்ட்டின் உங்களிடமே ராணி ஜாக்கி 10 9 7 என்று வரிசையாக இருந்தால். ஏன் வரிசை? ஆர்ட்டின் கேட்டவர் உங்கள் இடப்பக்கம், உங்களுக்குப் பின்னால் சீட்டுப் போடுகிறவர். ராஜா, ஜாக்கி, 6, 4, 2 என்று இடைவெளி விட்ட சீட்டுகளை அவர் ஒவ்வொன்றாக மேலே போட்டு அள்ளிவிடுவார். வரிசையாக இருந்தால் அள்ள முடியாது. அப்போது கூட்டாளி முதல் சீட்டாகத் துருப்பையே இறக்க வேண்டும். காக்காவோடு ஆடும்போது எனக்கு அப்படி ஒரு கை இதுவரை ஒரே முறைதான் வந்தது. அன்றும் பழைய நினைப்பில் 1 இஸ்பேட் சொல்லித் தொலைத்தேன்.