விம் செருகுநிரல்கள்: நிறுவுவது தானாக நடக்கட்டும், புதுப்பிப்பது கண்ணெதிரே நடக்கட்டும்

மடிக்கணினியை மாற்றியபோது பழையதிலிருந்து, விம் என்ற உரைத்திருத்தியின் அமைப்புகளைக் கொண்ட விம்ஆர்சி கோப்பை மட்டும் படியெடுத்து வந்தேன். புதிய கணினியில் விம்மைத் திறந்ததும் திரை நிறையப் பிழைச்செய்திகள் வந்தன. கோப்பில், விம்முக்குக் கூடுதல் வசதி தரும் பதினெட்டுச் செருகுநிரல்களின் பெயர்கள் இருந்தன. வட்டில் ஒன்றுகூட இல்லை. அன்று ஒரு மாலைப்பொழுதைச் செலவழித்துச் சரிசெய்ததன் பயனாக, இப்போது எந்தக் கணினியில் அந்தக் கோப்பை வைத்தாலும், விம்மை முதன்முறை திறக்கும்போதே தேவையானவை எல்லாம் வந்து இறங்கிவிடுகின்றன. அதன் செய்முறையையும், புதுப்பித்தலை மட்டும் நான் ஏன் முழுத் தானியக்கத்துக்கு விடவில்லை என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

விம்மில் ஒரு கோப்பைத் திறந்து, திருத்தி, சேமித்து வெளியேறத் தெரியும் என்றும், கணினியில் கிட் (நிரல்களின் பதிப்புகளைக் கையாளும் கருவி), கர்ல் (இணையத்திலிருந்து கோப்பை இறக்கும் கருவி) இரண்டும் இருக்கின்றன என்றும் எடுத்துக்கொள்கிறேன். லினக்ஸ், மேக் இரண்டிலும் இது செயல்படும். கட்டளைப் பெயர்களை ஒலிப்படியே தமிழில் எழுதியிருக்கிறேன்; விம்மில் அவற்றை ஆங்கிலத்தில் தட்டவேண்டும். ‘பிளக் இன்ஸ்டால்’ போல ‘பிளக்’ என்று தொடங்கும் கட்டளைகளில் இடைவெளியின்றி, ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் பெரிய எழுத்து; ‘சோர்ஸ்’, ‘சைலண்ட்’ போன்ற விம்மின் சொந்தக் கட்டளைகள் முழுதும் சிறிய எழுத்து.

எந்தக் கருவி?

விம்முக்குச் செருகுநிரல் மேலாளர்கள் பல உண்டு. 2008-இல் டிம் போப் எழுதிய பேத்தஜன் செருகுநிரல்களைத் தேடும் பாதையை ஒழுங்குபடுத்தியதே தவிர, அவற்றைப் பதிவிறக்கும் வேலையை நம்மிடமே விட்டுவிட்டது. 2016-இல் வந்த விம் 8 தனக்குள்ளேயே ‘பேக்’ அடைவு என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதிலும் பதிவிறக்கம் நம் பொறுப்புதான். ஆகவே நான் விம்-பிளக்கையே பரிந்துரைப்பேன். எஃப்இசட்எஃப் தேடல் கருவியை உருவாக்கிய சொய் ஜுன்கன் எழுதியது இது. மொத்தமும் ஒரே கோப்பு. பல செருகுநிரல்களை ஒரே நேரத்தில் இணையாக இறக்கும். கெட்டுப்போனால் அந்த ஒரு கோப்பை அழித்துவிட்டு மீண்டும் வைத்தால் போதும். இந்த எளிமைக்கு நிகரான இன்னொன்றை விம்முக்கு நான் காணவில்லை. விம்மிலிருந்து கிளைத்த நியோவிம் பயன்படுத்துவோர் லேசி என்ற மேலாளரின் பக்கம் போயிருக்கிறார்கள். அது வேறு கதை.

படி 1: உங்களிடம் இருப்பது முழு விம்தானா?

டெபியன், உபுண்டு கணினிகளில் தொடக்கத்தில் பெரும்பாலும் இருப்பது விம்மின் மிகச் சிறிய பதிப்பான ‘விம் டைனி’. விம்ஆர்சியிலுள்ள நிரல் வரிகளை இயக்கும் வசதியே அதில் கிடையாது. ‘ஈ319’ என்ற எண்ணோடு ‘இந்தக் கட்டளை இப்பதிப்பில் இல்லை’ என்னும் பொருளில் வரிக்கு வரி பிழை காட்டும். விம் தொகுப்பை முறையாக நிறுவிக்கொண்ட பிறகு மேலே செல்லுங்கள்.

படி 2: பட்டியல்

விம்ஆர்சி கோப்பில் ‘பிளக் பிகின்’, ‘பிளக் எண்ட்’ என்ற இரண்டு செயற்கூறுகளை (இவை மட்டும் சிறிய எழுத்தில், இரு சொற்களுக்கும் இடையில் # குறியோடு) அழைக்கும் வரிகளை எழுதி, அவற்றுக்கு இடையில் செருகுநிரலுக்கு ஒரு வரி வீதம் எழுதவேண்டும். ‘பிளக்’ என்ற சொல், அதையடுத்து மேற்கோளுக்குள், செருகுநிரல் வைக்கப்பட்டிருக்கும் கிட்ஹப் தளத்தின் பயனர்பெயர், சாய்கோடு, களஞ்சியத்தின் பெயர் என்பதுதான் வரியின் அமைப்பு. மேற்கோள் ஒற்றை மேற்கோளாகவே இருக்கட்டும்; விம் நிரலில் இரட்டை மேற்கோள் குறிப்புரையையும் தொடங்கும் குறி என்பதால் குழப்பம் வரும். புதிய வரியைச் சேர்த்த கையோடு ‘பிளக் இன்ஸ்டால்’ கொடுத்துவிட்டு ஒன்றும் நடக்கவில்லையே என்று விழிக்கவேண்டாம். கோப்பைச் சேமித்து, ‘சோர்ஸ்’ கட்டளையால் மறுபடி படிக்கச் செய்தால்தான் விம்முக்குப் புதிய வரி தெரியும்.

படி 3: மேலாளரே தன்னை இறக்கிக்கொள்வது

இதற்கான வரிகள் விம்-பிளக்கின் கிட்ஹப் விக்கியில், குறிப்புகள் பக்கத்தில் இருக்கின்றன. அவற்றை எடுத்து ‘பிளக் பிகின்’ வரிக்கு மேலே ஒட்டவேண்டும், கீழே அல்ல. வீட்டு அடைவிலுள்ள புள்ளி-விம் அடைவுக்குள், ‘ஆட்டோலோட்’ என்ற உள்ளடைவில், பிளக் கோப்பு இருக்கிறதா என்று அவை பார்க்கும். இல்லையென்றால் கர்லை அழைத்து இணையத்திலிருந்து இறக்கி அங்கே வைக்கும்.

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். ஓர் அலுவலகத்தின் விருந்தினர் வைஃபையில் இணைந்திருந்தபோது விம்மைத் திறந்தேன். பதிவிறக்கம் முடிந்ததாகவே தோன்றியது. ஆனால் ‘பிளக் பிகின் என்ற செயற்கூறு தெரியவில்லை’ என்னும் ‘ஈ117’ பிழை தொடர்ந்து வந்துகொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்து, நல்ல இணைப்பில் திறந்தாலும் அதே பிழைதான். விம்ஆர்சியைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்து அலுத்த பிறகுதான், ஆட்டோலோட் அடைவிலிருந்த பிளக் கோப்பைத் திறந்து பார்க்கத் தோன்றியது. உள்ளே இருந்தது விம் நிரலன்று. அந்த வைஃபையின் ‘பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைக’ என்ற பக்கத்தின் எச்டிஎம்எல். கோப்பு என்று ஒன்று இருக்கிறது என்பதால், ‘இல்லையென்றால் இறக்கு’ என்ற சோதனை ஒவ்வொரு முறையும் திருப்தியடைந்து ஒதுங்கிக்கொண்டது.

கர்லுக்குத் தரப்படும் விருப்பங்களில் ‘எஃப்’ என்பது, வழங்கி பிழைக்குறியீடு அனுப்பினால் அந்தப் பிழைப்பக்கத்தைக் கோப்பாகச் சேமிக்காமல் நிறுத்தச் சொல்வது. ‘404’ போன்றவற்றை அது தடுத்துவிடும்; ஆனால் நுழைவுப்பக்கம் ‘200, எல்லாம் சரி’ என்று சொல்லிக்கொண்டே வந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே ஐயம் வந்தால் பிளக் கோப்பின் முதல் வரியைப் பாருங்கள். ஓர் இரட்டை மேற்கோளும் அதையடுத்து விம்-பிளக் என்ற பெயரும் இருந்தால் கோப்பு சரி. கோணக்குறியில் தொடங்கினால் அழித்துவிட்டு, உண்மையான இணைய இணைப்பில் விம்மை மறுபடி திறங்கள்.

படி 4: விடுபட்டவற்றைத் தானாக நிறுவுதல்

அதே விக்கிப் பக்கத்தில் இன்னும் சில வரிகள் உண்டு. விம் முழுமையாகத் திறந்து முடிந்தபின் எழும் ‘விம் என்டர்’ என்ற நிகழ்வில் அவை இயங்கும். பட்டியலிலுள்ள ஒவ்வொரு செருகுநிரலுக்கும் வட்டில் அடைவு இருக்கிறதா என்று பார்த்து, ஒன்றேனும் குறைந்தால் ‘பிளக் இன்ஸ்டால்’ கட்டளையை இயக்கி, பின்னர் விம்ஆர்சியை மறுபடி படிக்கச் செய்யும். படி 3-இன் வரிகள் மேலாளரைக் கொண்டுவருகின்றன, இவை மற்றவற்றை.

இங்கே ‘பிளக் இன்ஸ்டால்’ என்பதற்குப் பின்னால் இரண்டு சிறுகோடுகளோடு ‘சிங்க்’ என்ற சொல் இருப்பதைக் கவனியுங்கள். அதை வீண் அலங்காரம் என்று நினைத்து நீக்கிவிடாதீர்கள். விம் 8 முதல் பதிவிறக்கம் பின்னணியில் நடக்கிறது. ‘சிங்க்’ இல்லாவிட்டால், பதிவிறக்கம் தொடங்கிய மறுகணமே அடுத்த கட்டளை இயங்கி, இன்னும் வந்து சேராத செருகுநிரல்களை நம்பி விம்ஆர்சி படிக்கப்படும். ‘முடியும்வரை காத்திரு’ என்பதே அந்தச் சொல்லின் பொருள்.

இவ்வளவு செய்தும் முதல் திறப்பில் ‘ஈ185’ என்ற பிழை ஒன்று வரக்கூடும். நீங்கள் விரும்பும் வண்ணத்திட்டம், எடுத்துக்காட்டாக குரூவ்பாக்ஸ், செருகுநிரலாக வருவது. விம்ஆர்சி முதன்முறை படிக்கப்படும்போது அது வட்டில் இருக்காது. வண்ணத்திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் வரியின் முன்னால் ‘சைலண்ட்’ என்ற சொல்லையும் ஒட்டினாற்போல் வியப்புக்குறியையும் சேர்த்துவிட்டால், முதல்முறை வாய்மூடிக் கடந்துபோகும். நிறுவல் முடிந்து கோப்பு மறுபடி படிக்கப்படும்போது வண்ணம் வந்துவிடும்.

இப்போது சோதித்துப் பாருங்கள்: புள்ளி-விம் அடைவை வேறு பெயருக்கு மாற்றிவிட்டு விம்மைத் திறங்கள். திரையின் ஒரு பக்கத்தில் பட்டியல் விரிந்து, செருகுநிரல்கள் ஒவ்வொன்றாக நிறைவடைவது தெரியும்.

படி 5: புதுப்பித்தல்

‘பிளக் அப்டேட்’ கட்டளை எல்லாச் செருகுநிரல்களையும் புதுப்பிக்கும். ஆனால் விம்-பிளக்கை அது தொடாது. அதற்கு ‘பிளக் அப்கிரேட்’ என்று தனிக் கட்டளை உண்டு. பல ஆண்டுகள் பழைய மேலாளரோடு காலம் தள்ளுவோரை நான் பார்த்திருக்கிறேன்.

இதையும் தினந்தோறும் தானாக இயங்க விடலாமே என்று கேட்பீர்கள். விடலாம், நான் விடுவதில்லை. விம் செருகுநிரலுக்குத் தனிக்கூண்டு எதுவும் கிடையாது. உங்கள் கணக்கால் எதைப் படிக்க முடியுமோ, வேறு கணினிகளுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவிகள் உட்பட, அதை அதுவும் படிக்க முடியும். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு இருந்ததை ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் கண்டுபிடித்தார். எஸ்எஸ்எச் நுழைவு ஏறக்குறைய அரை நொடி தாமதமானதே அவருக்குத் துப்பு. அது விம் செருகுநிரல் அன்று. ஆனால் பராமரிப்பாளர் என்ற நம்பிக்கையான இடத்திலிருந்தே அது நுழைக்கப்பட்டது. லினக்ஸின் உடனுக்குடன் புதுப்பிக்கும் சோதனைப் பதிப்புகளுக்கே அது போய்ச் சேர்ந்தது. டெபியனின் நிலைப்பதிப்பை எட்டவில்லை. ஒருவரே ஓய்வு நேரத்தில் பராமரிக்கும் செருகுநிரல்கள் பலவற்றை வைத்திருக்கும் எனக்கு இந்தச் செய்தியே போதுமானதாக இருந்தது.

ஆகவே என் வழக்கம் இது. வாரம் ஒருமுறை விம்மே எனக்கு நினைவூட்டும். புதுப்பிப்பதை நான் கையால் செய்வேன். முதலில் ‘பிளக் ஸ்னாப்ஷாட்’ கட்டளைக்கு ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்து, இப்போதைய பதிப்புகளைப் பதிவுசெய்கிறேன். பின்னர் ‘பிளக் அப்டேட்’. அது முடிந்ததும் அதே சாளரத்தில் பெரிய எழுத்து ‘டி’யை அழுத்தினால், ஒவ்வொரு செருகுநிரலிலும் புதிதாகச் சேர்ந்த மாற்றங்கள் வரிவரியாக வரும், ஒரு மாற்றத்தின் மேல் என்டர் விசையை அழுத்தினால் எந்த வரி போய் எந்த வரி வந்தது என்பதுவரை பார்க்கலாம். பிடிக்காத செருகுநிரலின் பத்தியில் நின்றுகொண்டு பெரிய எழுத்து ‘எக்ஸ்’ அழுத்தினால் அது மட்டும் பழைய நிலைக்குத் திரும்பும். மொத்தமும் குழம்பிவிட்டால், விம்மை பெரிய எழுத்து ‘எஸ்’ விருப்பத்தோடு அந்த ஸ்னாப்ஷாட் கோப்பைக் கொடுத்துத் திறந்தால் போதும். இந்தப் பார்வை கோப்புகள் வந்து இறங்கிய பிறகுதான் நடக்கிறது என்பதையும், புதுப்பித்தலோடு ஓடும்படி நீங்கள் எழுதிவைத்த நிறுவல் கட்டளைகள் அதற்குள் ஓடி முடிந்திருக்கும் என்பதையும் மறக்கவேண்டாம். ஒரு செருகுநிரல் மாறவே கூடாது என்றால் அதன் வரியில் ‘ஃபுரோஸன்’ விருப்பத்தைச் சேர்த்துவிடுங்கள்.

நினைவூட்டலுக்கு, செருகுநிரல்கள் இருக்கும் ‘பிளக்ட்’ அடைவின் மாற்ற நேரத்தைப் பார்த்தால் போதும் என்று முதலில் நினைத்தேன். புதுப்பித்த பிறகும் நினைவூட்டல் நிற்கவில்லை. உள்ளடைவுகளுக்குள் கோப்புகள் மாறினால் வெளி அடைவின் நேரம் மாறாது என்ற அரிச்சுவடியை மறந்திருந்தேன். இப்போது வெற்றுக்கோப்பு ஒன்றை வைத்திருக்கிறேன்: புதுப்பிக்கும்போது என் சொந்தக் கட்டளை அதை ‘ரைட்ஃபைல்’ செயற்கூறால் புதிதாக எழுதும், விம் திறக்கும்போது ‘கெட்எஃப்டைம்’ தரும் நேரத்துக்கும் ‘லோக்கல்டைம்’ தரும் நேரத்துக்கும் உள்ள வேறுபாடு 604800 நொடிகளை, அதாவது ஏழு நாட்களைத் தாண்டினால் கீழ்வரியில் ஒரு வாக்கியம் தோன்றும். கோப்பே இல்லாவிட்டால் ‘கெட்எஃப்டைம்’ −1 தரும் என்பதால் முதல் நாளும் அது சரியாகவே நினைவூட்டும்.

க்ரான் வேண்டும் என்போருக்கு

க்ரான் என்பது குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக இயக்கும் கருவி. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு இயக்க, க்ரான் அட்டவணையில் நேரப்பகுதி 0 9 * * 1 என்று இருக்கவேண்டும். திரையில்லாமல் இயங்க விம்முக்குச் சிறிய எழுத்து ‘ஈ’, ‘எஸ்’ இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். இந்த அமைதி நிலையில் விம் உங்கள் விம்ஆர்சியைப் படிக்காது. ஆகவே ‘பிளக் அப்டேட்’ என்ற கட்டளையே அதற்குத் தெரியாது. அமைதி நிலை என்பதால் அதைச் சொல்லவும் செய்யாது. சிறிய எழுத்து ‘யு’ விருப்பத்தால் விம்ஆர்சியின் முழுப் பாதையைக் கொடுத்தால்தான் படிக்கும். அப்படிக் கொடுக்கும்போது விம் பழைய விஐ ஒத்திசைவு நிலைக்குப் போய்விடும் என்பதால் பெரிய எழுத்து ‘என்’னையும் சேர்க்கவேண்டும். கடைசியில் ‘சிங்க்’ சேர்த்த ‘பிளக் அப்டேட்’, அதன்பின் வெளியேறும் கட்டளை. க்ரானின் தேடுபாதை மிகக் குறுகியது. மேக்கில் ஹோம்புரூ வழியாக விம், கிட் வைத்திருப்போர் முழுப் பாதையை எழுதவேண்டும். இந்த முறையை நாடுவோர் ஸ்னாப்ஷாட்டையும் இதற்கு முன்னால் சேர்த்துக்கொள்வது நல்லது.

இற்றை: மறுமொழிகளில் வந்த இரண்டு சிக்கல்கள்

கோவையிலிருந்து ஒருவர், கர்லால் பிளக் கோப்பு இறங்கவே இல்லை, ஆனால் கிட்ஹப் தளம் உலாவியில் திறக்கிறது என்று எழுதியிருந்தார். கிட்ஹப் கோப்புகளை நேரடியாக வழங்கும் முகவரி வேறு, கிட்ஹப் தளத்தின் முகவரி வேறு. இந்தியாவில் சில இணைப்புகளில் முதலாவது அவ்வப்போது திறக்காமல் போனதுண்டு. விம்-பிளக் களஞ்சியத்தைக் கிட் மூலம் நகலெடுத்து, உள்ளிருக்கும் பிளக் கோப்பை ஆட்டோலோட் அடைவில் வைக்கச் சொன்னேன், சரியாயிற்று. செருகுநிரல்கள் கிட் வழியாகவே வருவதால் அவற்றுக்குத் தடையில்லை.

இன்னொருவருக்குப் புதுப்பித்தல் ஒவ்வொன்றிலும் ‘அனுமதி இல்லை’ என்று வந்தது. ஒருமுறை, நிர்வாகியான ரூட்டின் உரிமையில் கட்டளையை இயக்கும் சூடோவோடு விம்மைத் திறந்து ‘பிளக் அப்டேட்’ கொடுத்திருக்கிறார். சில அமைப்புகளில் சூடோ பயனரின் வீட்டு அடைவையே வைத்துக்கொள்ளும் என்பதால், கோப்புகள் ரூட்டின் பெயரில் எழுதப்பட்டுவிட்டன. பிளக்ட் அடைவின் உரிமையைச் சௌன் கட்டளையால் தம் பெயருக்கு மாற்றியதும் புதுப்பித்தல் ஓடத் தொடங்கியது. கணினிக் கோப்புகளைத் திருத்த வேண்டியிருந்தால் சூடோ-எடிட் பயன்படுத்துங்கள். அதில் விம் உங்கள் பெயரிலேயே இயங்கும்.