முன்பின் தெரியாதவரைப் படம் எடுத்துக் கூச்சம் போக்க நினைப்பவர்கள் விடும் தவறுகள்

கூச்ச சுபாவம் உள்ளவர் கமராவோடு இறங்கி, அறிமுகமில்லாதவர்களைக் கேட்டுக் கேட்டு முகப்படம் எடுப்பது நல்ல பயிற்சி. கதைக்க ஒரு காரணமும் கைக்கு ஒரு வேலையும் சேர்ந்தே கிடைக்கின்றன. யாழ்ப்பாணத்தில் இதைத் தொடங்கிப் பாதியில் விடுபவர்களுக்குக் குறைவது பெரும்பாலும் துணிச்சலல்ல. தொடங்கும் முறைதான் பிழைத்துவிடுகிறது.

எல்லாவற்றிலும் பெரிய பிழை தூர லென்ஸ். 200 மில்லிமீற்றர் லென்ஸை மாட்டிக்கொண்டு பண்ணைக் கடலோரத்தில் வலை இழுப்பவரை அவருக்கே தெரியாமல் எடுத்தால் படம் கிடைக்கலாம், கூச்சம் அப்படியே இருக்கும். தலையிலிருந்து இடுப்புவரை எடுக்க அந்த லென்ஸுக்கு ஏறக்குறைய 6 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். அங்கிருந்து ஒரு சொல்லும் கதைக்கத் தேவையில்லை. 50 மில்லிமீற்றர் என்றால் அதே படத்துக்கு 1.5 மீற்றர் போதும். சிறிய சென்சர் (APS-C) கமராவுக்கு 35 மில்லிமீற்றர். கேளாமல் அவ்வளவு கிட்டப் போக முடியாது, அதனால்தான் இந்த லென்ஸ். போனில் எடுப்பவர்கள் 2 மடங்கு சூமில் வைத்துச் சற்றுத் தள்ளி நில்லுங்கள். 1 மடங்கில் முகத்தை நெருங்கினால் மூக்கு பெருத்துத் தெரியும். தூர லென்ஸ் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போரைக் கடந்து வந்த ஊர் இது. எங்கிருந்தோ ஒரு கமரா தன்னை நோக்குவதைக் காண்பவருக்கு வரும் பயம் நியாயமானது.

அடுத்தது, கேட்கத் தயங்கிக் கடைக்கு முன்னால் மூன்று நான்கு தரம் போய் வருவது. கடைக்காரர் முதல் தரமே கண்டுவிடுவார். நான்காம் தரம் வாய் திறக்கும்போது சந்தேகத்தோடுதான் பார்ப்பார். ஆளைத் தெரிவு செய்ததும் நேரே போங்கள். போகுமுன் கமராவை ஆயத்தமாக வையுங்கள்: லென்ஸ் திறப்பு எஃப் 2.8 தொடக்கம் 4 வரை, ஷட்டர் வேகம் 1/200 செக்கன் அல்லது அதைவிட விரைவு, ஐ.எஸ்.ஓ (வெளிச்ச உணர்திறன்) தானாக மாறட்டும், குவியப் புள்ளி ஒன்றே ஒன்று, அது கிட்ட இருக்கிற கண்ணில். எஃப் 1.8 அளவுக்கு அகலத் திறப்பது இப்போதைக்கு வேண்டாம். 1.5 மீற்றரில் தெளிவாக விழும் ஆழம் அரைச் சாண்கூட இல்லை. பதற்றத்தில் உடம்பு முன்னும் பின்னும் அசைந்தால் கண் மங்கிவிடும். அவரை நிற்கவைத்துவிட்டுப் பொத்தான்களைத் திருகினால் அவருடைய முகமும் இறுகும், உங்கள் கையும் நடுங்கும்.

நீண்ட விளக்கமும் கெடுக்கும். இரண்டு வசனம் போதும்: “வணக்கம் ஐயா. ஊர் ஆக்களின்ர முகங்களைப் படம் எடுத்துச் சேர்க்கிறன், உங்களையும் ஒண்டு எடுக்கட்டோ?” அநேகமாக, “எதுக்கு தம்பி, பேப்பரிலை போடவோ?” என்று வரும். “இல்லை ஐயா, எனக்குப் பழக. எங்கையும் போடுறதெண்டால் உங்களைக் கேட்டுத்தான் போடுவன்” என்று சொல்லுங்கள், சொன்னபடி நடவுங்கள். “எந்த ஊர், ஆற்றை (யாருடைய) மகன்?” என்று அவர் தொடங்கினால் அது விசாரணை அல்ல, கதைக்கச் சம்மதம். நின்று பதில் சொல்லுங்கள். நீங்கள் பழக வந்தது இதைத்தான்.

“இப்ப வேலையாய் இருக்கு, பிறகு பாப்பம்” என்றால் இல்லை என்று பொருள். “நல்லது ஐயா” என்று சிரித்துவிட்டு விலகுங்கள்; மறுபடி கெஞ்சாதீர்கள். மறுப்பு வருவதற்குப் பாதிக் காரணம் நேரம்தான். திருநெல்வேலிச் சந்தையில் தராசைப் பிடித்திருப்பவரைக் கேட்டால் யார் ஓமென்பார்? கை ஓய்ந்திருப்பவரைத் தேடுங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வீதியோரக் கச்சான் கடைகள் நல்ல இடம்: இருந்த இடத்தில் இருப்பார்கள், தலைக்கு மேல் மின்குமிழும் உண்டு. கோயிலுக்குள் கமரா வேண்டாம். இராணுவ முகாம், காவலரண் பின்னணியில் வரவே கூடாது. பிள்ளைகளை எடுப்பதென்றால் தாய் தகப்பனைக் கேட்ட பிறகுதான்.

வெளிச்சத்திலும் ஒரு பிழை. காலை 11 மணி தொடக்கம் 3 மணி வரை வெயில் உச்சியில் நிற்பதால் கண்குழி கறுத்துப்போகும். ஆளைக் கடைத் தாழ்வாரத்துக்குள் ஓரடி உள்ளே, வீதியைப் பார்த்தபடி நிற்கச் சொல்லுங்கள். அவருக்குப் பின்னால் வெயில் வீதியோ வெள்ளைச் சுவரோ வந்தால் கமரா ஏமாந்து முகத்தைக் கறுப்பாக்கும். கமராவின் வெளிச்சத் திருத்தத்தை (exposure compensation) +0.7 அல்லது +1 ஆக்குங்கள்.

ஒன்று எடுத்துவிட்டு நன்றி சொல்லி ஓடாதீர்கள். முதல் படத்தில் எல்லோரும் அடையாள அட்டைக்கு நிற்பதுபோலத்தான் நிற்பார்கள். அதைத் திரையில் காட்டி, தொழிலைப் பற்றி ஏதாவது கேட்டு, பதில் சொல்லும்போது இன்னும் நான்கைந்து எடுங்கள். அவற்றில் ஒன்றுதான் தேறும்.

கடைசியாக, படத்தைக் கொடுக்காமல் விடுவது. வைபரிலோ வாட்ஸ்அப்பிலோ அன்றிரவே அனுப்புங்கள். போன் இல்லாதவருக்கு 4க்கு 6 அங்குலத்தில் ஸ்ரூடியோவில் அச்சடித்து ஒரு கிழமைக்குள் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்கும்போதே, “பக்கத்துக் கடை அண்ணையையும் எடுக்கலாமோ?” என்று கேளுங்கள். அநேகமாக அவரே கூப்பிட்டு அறிமுகப்படுத்துவார்.