கப்பலில் வாந்தி வரும் என்று பயமா? அறையை இப்படிப் பாருங்கள்

பட்டர்வொர்த் பெர்ரியில் பத்து நிமிடம் போனாலே வயிற்றைப் பிரட்டுகிற ஆள் நான். அதனால் பினாங்கிலிருந்து பூக்கெட்டுக்குக் கப்பல் ஏறத் திட்டமிட்டபோது, விலைக்கு முன்னால் கப்பலின் தள வரைபடத்தைத்தான் திறந்தேன்.

சீசா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். நுனியில் இருப்பவர்தான் மேலும் கீழும் போவார், நடுவில் உட்கார்ந்தவருக்கு அவ்வளவாகத் தெரியாது. கப்பலும் அப்படித்தான், முன்பக்கமும் பின்பக்கமும் தூக்கித் தூக்கிப் போடும், உயரமான தளங்கள் பக்கவாட்டில் அதிகம் ஆடும், ஆகவே நீளத்தில் நடு, உயரத்தில் கீழ்த்தளம், இந்த இரண்டும் சேருகிற அறைதான் நமக்கு. பால்கனி ஆசை இருந்தால் நடுவில், கிடைக்கிற தளங்களிலேயே தாழ்வானதாகப் பாருங்கள்.

ஜன்னல் வேண்டுமா? அடிவானத்தைப் பார்த்தால் பலருக்குக் குமட்டல் அடங்கும். கண்ணை மூடிப் படுத்தாலே சரியாகிவிடும் என்றால் உள்ளறை போதும், வெள்ளியும் மிச்சம்.

மலிவு என்று ‘கேரண்டி’ அறை மட்டும் வேண்டாம்; எந்த அறை என்பதைக் கப்பல்காரர்களே முடிவு செய்வார்கள், மூக்குநுனியில் போட்டாலும் கேட்க முடியாது.

அப்புறம், மாதம். சுமத்ரா தடுத்து நிற்பதால் மலாக்கா நீரிணை பெரும்பாலும் சாதுதான். பூக்கெட் பக்கம் அந்தமான் கடலில், மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அலை பெரிது. மாத்திரையை மருந்தகத்தில் கேட்டு, குமட்டல் வருவதற்கு முன்பே போடுங்கள்.