சர்க்கரை நோயோடு அமெரிக்கா கிளம்பும் அம்மா அப்பா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேரனைப் பார்க்கக் கிளம்பும் வீட்டில் கடைசி நாள் முழுக்க எடை போடுவதிலேயே போய்விடும். பருப்புப்பொடி, வத்தல், ஊறுகாய் எல்லாம் பெட்டிக்குள் அடங்கியாக வேண்டும். கைப்பை ஏழு கிலோவைத் தாண்டினால் முதலில் வெளியே வருவது மருந்துப் பொட்டலம்தான். அது பெரிய பெட்டிக்குள் போய்விடும். என் அம்மா முதல்முறை கிளம்பியபோது நானும் அப்படித்தான் வைக்கப் போனேன்.

இன்சுலின் போடுபவர்களுக்கு இது பெரிய தவறு. விமானத்தின் சரக்கு அறையில் இன்சுலின் உறைந்துபோக வாய்ப்பு உண்டு. உறைந்து உருகிய மருந்தைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாமல் போகலாம். ஆனால் அதை நம்பிப் போடக்கூடாது. பெட்டி துபாயிலேயே தங்கிவிட்டால் கையில் ஒரு மாத்திரையும் இருக்காது. இன்சுலின், மாத்திரை, சர்க்கரை பார்க்கும் மெஷின், டாக்டர் ஆங்கிலத்தில் எழுதிய சீட்டு நான்கும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். இடம் போதாவிட்டால் ஊறுகாய் இங்கேயே இருக்கட்டும்.

மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டி எடுத்துப்போவதும் வேண்டாம். சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் எழுதி வாங்குங்கள். கிளைகோமெட் என்றால் அங்குள்ள மருந்துக்கடையில் புரியாது, மெட்ஃபார்மின் என்றால் புரியும். காய்ச்சல் மாத்திரையில் இன்னொரு குழப்பம் உண்டு. நம் பாராசிட்டமாலுக்கு அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்று பெயர். வேறு மருந்து என்று நினைத்து நம் ஊர் டோலோவோடு அந்த ஊர் டைலினாலும் போட்டுக்கொண்டால் ஒரே மருந்து இரட்டிப்பாகி ஈரலைப் பாதிக்கும்.

எனக்கு அதிகம் பயம் தருவது சிரிஞ்சுதான். நம் ஊரில் பலரும் வாங்கும் இன்சுலின் பாட்டிலில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கும். சிவப்பு மூடி சிரிஞ்சு அதற்கானது. அமெரிக்கக் கடைகளில் வழக்கமாகக் கிடைப்பது ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்து. கொண்டுபோனது தீர்ந்து, அங்கே வாங்கிய மருந்தைப் பழைய சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்பில் ஏறுவது 50 யூனிட். உயிருக்கே ஆபத்தான அளவு அது. நம் மருந்தை அந்த ஊர் சிரிஞ்சில் இழுத்தால் 20-க்கு 8 யூனிட்தான் போகும். தங்கும் நாட்களுக்கான மருந்தையும் சிரிஞ்சையும் இங்கிருந்தே சேர்த்து எடுத்துப்போவது நல்லது. அங்கே வாங்க நேர்ந்தால் இரண்டையும் புதிதாக வாங்கிவிட்டு, பழையவற்றைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். இன்சுலின் பேனாவில் போடுபவர்களுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. இங்கேயும் அதற்கான கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட்தான்.

சாப்பாடு வரப்போகிறது என்று முன்கூட்டியே ஊசி போட்டுக்கொள்வது விமானத்தில் நடக்கும் தவறு. விமானம் குலுங்கினால் பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள். தட்டு முன்னால் வந்தபிறகு போட்டால் போதும். கிளிமிபிரைடு மாத்திரைக்கும் இதே கவனம் வேண்டும். சர்க்கரை ரொம்ப இறங்கி வியர்த்து, கை நடுங்கினால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரை கொடுங்கள்; அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கலாம். மேற்கே பறக்கும்போது நாள் நீளும். நியூயார்க் நேரம் நமக்குப் பத்து மணி நேரம்போலப் பின்னால் இருப்பதால் 'ராத்திரி ஊசி' எப்போது என்பதே குழம்பிவிடும். டிக்கெட்டை டாக்டரிடம் காட்டி, எந்த மணிக்கு எவ்வளவு என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

இன்ஷூரன்ஸில் சர்க்கரையை மறைக்காதீர்கள். மறைத்தால் பிரீமியம் குறையலாம். ஆனால் க்ளெய்ம் போகும்போது அதே காரணத்தைச் சொல்லிக் கம்பெனி கையை விரித்துவிடலாம். பழைய நோய்க்கு எவ்வளவு தொகைவரை தருவார்கள் என்று பாலிசியில் தேடிப் படியுங்கள்.

பாத்ரூம் போகச் சங்கடப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் வரும் அம்மாக்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும். டிக்கெட் போடும்போதே நடைபாதையோரச் சீட்டாகக் கேட்டு வாங்குங்கள். எழுந்து நடந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயமும் குறையும். ஊர் போய்ச் சேர்ந்து சில வாரங்கள் கழித்துக்கூட ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ வந்தால், பயண அலுப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறலும் சேர்ந்தால் அந்த ஊர் அவசர உதவி எண் 911-ஐ அழையுங்கள்.