மண்ணீரலை அகற்றும் அறுவை: தேதி குறிக்கும் முன்பே நடக்கும் தவறு

புதுச்சேரியில் அறுவை சிகிச்சை வார்டில் செவிலியராக இருக்கிறேன். 15 வருடத்துக்கு முன் நான் செய்த அதே பிழையைப் புதிதாக வரும் பிள்ளைகள் செய்யும்போது மனசு பதறுகிறது. வெறும் வயிறு, கையெழுத்து, ரத்த வகை இதையெல்லாம் யாரும் மறப்பதில்லை, விடுங்கள்.

தடுப்பூசியைக் கடைசிக்குத் தள்ளுவது

மண்ணீரல் இல்லாதவருக்கு நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியா தொற்றினால் காலையில் காய்ச்சல், ராத்திரி ஐ.சி.யூ. என்று ஆகிவிடலாம். அதற்குத்தான் நிமோகாக்கல், மெனிங்கோகாக்கல், ஹிப் என்று மூன்று பாக்டீரியாக்களுக்கு எதிரான ஊசிகள். அறுவைக்குக் குறைந்தது 2 வாரம் முன்பே போட்டிருக்க வேண்டும்.

பண்ருட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், 70ஐ நெருங்கியவர், ஐ.டி.பி. நோயாளி, அதாவது ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை உடலின் எதிர்ப்பு சக்தியே அழிக்கும் நோய். கேஸ் ஷீட்டில் "தடுப்பூசி போடச் சொல்லப்பட்டது" என்று இருந்தது, நானும் டிக் போட்டுவிட்டேன். அறுவைக்கு முதல் நாள் ராத்திரி அவர் மகளிடம் ஊசி எங்கே போட்டீர்கள் என்று கேட்டால், "எந்த ஊசி சிஸ்டர்?" என்கிறார். மஞ்சப்பையில் மாத்திரை அட்டைகளுக்கு அடியில் அந்தச் சீட்டு மடித்தது மடித்தபடி கிடந்தது.

தேதி தள்ளிப்போனது. அதுவரை ஸ்டீராய்டைத் தொடர வேண்டியிருந்ததில் சர்க்கரை எகிறியது. அதைவிட மோசம், 2 மாதம் முன்பு அவருக்கு ரிட்டுக்சிமாப் என்ற, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தை ஏற்றியிருந்தார்கள். அது ஏறினால் சுமார் 6 மாதத்துக்குத் தடுப்பூசி சரியாகப் பிடிக்காது. போட்டோம், அப்புறம் திரும்பவும் போட வேண்டியதாயிற்று, நடுவில் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் அந்த மகள் பயந்துபோய் போன் செய்தார். ரிட்டுக்சிமாப் பேச்சு வந்த அன்றே யாராவது ஊசியைப் பற்றி யோசித்திருக்க வேண்டும். இதை இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

எந்த ஊசி, எந்தத் தேதி, எந்தக் கை என்று எழுதியிருந்தால்தான் டிக். தட்டணு குறைந்தவருக்கு மெல்லிய ஊசியால் போட்டு, தேய்க்காமல் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

தட்டணு ஏறியதும் நிம்மதியாகிவிடுவது

அறுவைக்குப் பின் தட்டணு கிடுகிடுவென ஏறும்போது கல்லீரலுக்குப் போகும் பெரிய சிரையில் ரத்தம் உறையலாம். முதல் சில வாரங்களில் வயிற்றுவலியும் காய்ச்சலும் வந்தால் கேஸ் மாத்திரை கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள், ஸ்கேன் கேளுங்கள்.

துணை மண்ணீரல்

சிலருக்கு மண்ணீரலோடு கூடவே இருக்கும் குட்டி மண்ணீரல் இது. அறுவையின்போது தேடாமல் விட்டால் ஐ.டி.பி. திரும்பலாம்.

"வெறும் காய்ச்சல்தானே"

அறுவை முடிந்து 10 வருடம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

நாய்க்கடி

மண்ணீரல் இல்லாதவருக்கு ரேபிஸ் ஊசி மட்டும் போதாது, ஆண்டிபயாடிக்கும் வேண்டும்.

அட்டை

மண்ணீரல் இல்லை என்று எழுதிய அட்டையைக் கையில் கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். கடலூர் பஸ் ஏறப் புறப்படும் முன், "எங்கே வைத்திருக்கீங்க, எடுத்துக் காட்டுங்க ஐயா" என்று கேளுங்கள்.