ஆயில் சீலை மாற்றுவதற்கு முன் பிரீத்தரைப் பாருங்கள்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாரம் ஏற்றிய பழைய லாரி அங்கே சின்ன கியரிலேயே முக்கி ஏறும்போது, எரிந்த வாயுவில் ஒரு பங்கு பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இன்ஜினின் அடிப்பகுதிக்குள் இறங்கும். ஒர்க்‌ஷாப்பில் பேக் கம்ப்ரஷன் என்பார்களே, அதுதான். புது இன்ஜினிலும் கொஞ்சம் இருக்கும், தேய்ந்த இன்ஜினில் கூடுதல். இந்த வாயு வெளியேறத்தான் பிரீத்தர் என்ற குழாய் இருக்கிறது. அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, இன்ஜினின் மேல் மூடியான டேப்பட் கவரின் பேக்கிங், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கின் சீல், டிப் ஸ்டிக் குழாய் என எந்த இடம் தளர்ந்திருக்கிறதோ அங்கே ஆயிலைத் தள்ளும்.

ஒழுகும் இடத்தை மட்டும் பார்ப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. கிராங்கின் பின் சீலை மாற்ற கியர்பாக்ஸை இறக்கி, கிளட்சைக் கழற்ற வேண்டும். அத்தனை கூலி கொடுத்த பிறகும் அழுத்தம் குறையவில்லை என்றால் புது சீலும் ஒழுகும். அதனால் முதலில் பிரீத்தர் குழாயைக் கழற்றுங்கள். உள்ளே கசடு, நசுங்கல், வாயில் சேறு இருக்கிறதா பாருங்கள். கம்பி வலை இருந்தால் டீசலில் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள்.

அப்புறம் இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்தத் துளையின் மேலேயே தலைகீழாக வையுங்கள். சூடான ஆயில் தெறிக்கலாம், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மூடி லேசாக ஆடினால் பயமில்லை. தூக்கி எறிந்து, புகையும் குபுகுபுவென வந்தால் பேக் கம்ப்ரஷன் அதிகம்.

அப்போதும் உடனே இன்ஜினை இறக்கிவிடாதீர்கள். பலர் இந்த இடத்தில்தான் வீணாகச் செலவு செய்கிறார்கள். ஏர் பிரேக்குக்கான கம்ப்ரஸர் தேய்ந்திருந்தால், அது அமுக்கும் காற்றும் இன்ஜினுக்குள்ளேயே இறங்கும். ஏர் டேங்கைத் திறந்து தண்ணீர் விடும்போது ஆயில் நிறைய வருகிறதென்றால் சந்தேகம் கம்ப்ரஸர் மேல்தான். இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் சீல் போனாலும் இதே கதை. இன்ஜின் வேலை சொல்லும் மெக்கானிக்கிடம், இவை இரண்டையும் பார்த்தாரா என்று கேளுங்கள்.

உயிருக்கே ஆபத்தான தவறு ஒன்று உண்டு. திறந்த பிரீத்தர் உள்ள பழைய இன்ஜினில், கேபினுக்குள் வாடை வருகிறது என்று குழாயை இழுத்து ஏர் இன்டேக்கில் சொருகிவிடுவார்கள். கம்பெனியிலேயே அப்படி வரும் இன்ஜின்களில் ஆயிலைப் பிரிக்கும் அமைப்பு சேர்ந்தே இருக்கும். இங்கே அது கிடையாது. பேக் கம்ப்ரஷன் கூடும்போது இன்ஜின் ஆயிலையே குடித்து, டீசலை நிறுத்தினாலும் நிற்காமல் எகிறும். காற்று வழியை அடைத்தால்தான் அடங்கும். மலைச் சாலையில் அந்த நிலைமை யாருக்கும் வரக்கூடாது. பிரீத்தர் வாயைத் துணியால் அடைப்பதும் கூடாது. சொட்டும் ஆயில் வளைவில் விழுந்தால் பைக்கில் வருபவர் வழுக்கி விழுவார் என்ற கவலை நியாயமானதுதான். அதற்கு, காற்று போக ஓட்டையுள்ள டப்பாவைக் குழாயின் முனையில் கட்டி, நிரம்பும் முன் காலி செய்யுங்கள்.

பேக்கிங்கில் சிலிக்கான் பேஸ்ட்டை அப்பாதீர்கள். உள்ளே பிதுங்கியது உதிர்ந்து, ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரை அடைத்தால் ஆயில் பிரஷர் விழும், பேரிங் போய்விடும். டேப்பட் கவர் போல்ட்டை அளவுக்கு மேல் முறுக்கினால் கவர் வளைந்து இன்னும் ஒழுகும்.

ஆயில் அளவைச் சரிவில் நிறுத்திப் பார்க்க வேண்டாம். குறைவாகக் காட்டுகிறது என்று ஊற்றி, மேல் கோட்டைத் தாண்டிவிட்டால் கிராங்க் அதைக் கலக்கி பிரீத்தர் வழியே வெளியே தள்ளும். அடிவாரத்தில் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சற்று நேரம் கழித்துப் பாருங்கள். ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால் முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்தால் ஆயிலில் டீசல் கலக்கிறது, வண்டியை எடுக்காதீர்கள்.